விருந்தாளியின் முதுகு

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் சோற்றைப் பற்றியவை. வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதில் சாப்பாடு இருக்கிறது, வீட்டுக்காரனின் முகம் இருக்கிறது, முகர்ந்தால் வாடும் பூகூட இருக்கிறது, பாய் இல்லை. போகிறவனை அனுப்பிவிட்டு வருகிறவனை எதிர்பார்த்திருக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி உண்டு என்பதைப் பற்றிப் பேச்சில்லை. திண்ணை இருந்த காலத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. சில பழைய வீட்டுத் திண்ணைகளின் ஒரு ஓரத்தில் சுண்ணாம்புக் காரையிலேயே சரிவாகத் தலைமாடு கட்டி வைத்திருப்பார்கள். யார் வருவார் என்று தெரியாமலே கட்டி வைத்த தலையணை அது. நம் கட்டடக் கலையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு முழச் சரிவுக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

இப்போது திண்ணை இல்லை. இருக்கிற இடத்திலும் கம்பிக் கதவு போட்டு உள்ளே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர் வீட்டுக்குள் வர வேண்டும். உள்ளே இருக்கிற ஒன்றரை அறையில் எதையாவது நகர்த்தித்தான் அவருக்கு ஒரு ஆள் நீளம் உண்டாக்க வேண்டும். திருக்கோவலூர் இடைகழியில் மழை ராத்திரியில் மூன்று ஆழ்வார்கள் சந்தித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்பது அந்த இடத்தின் அளவு. மூன்றாமவர் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். மூன்று அந்தாதிகள் பிறந்தன. பக்தர்கள் அந்த நான்காவது ஆளைப் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் வந்து படுத்திருந்தவர் ஞாபகம்தான் வருகிறது. அவர் எழுந்து உட்கார்ந்த அந்த க்ஷணம்.

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷக் கடன் உண்டு. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி. சு. செல்லப்பா, பின்னால் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார் என்பது நம் இயக்கத்தின் புராணம். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டுக்குப் போய்த் தங்காத எழுத்தாளர்கள் குறைவு. கடிதங்கள் அச்சாகியிருக்கின்றன, சண்டைகள் அச்சாகியிருக்கின்றன, யார் யாரோடு எந்த இதழில் முறித்துக்கொண்டார் என்பதற்குத் தேதி இருக்கிறது. இந்த ஊர்களிலெல்லாம் ராத்திரி யார் பாய் விரித்தார்கள் என்பதற்கு மட்டும் ஆவணம் கிடையாது. விரித்தவர்கள் அநேகமாகப் பெண்கள் என்பதும், அவர்கள் நம் பத்திரிகைகளை வாசிக்கிறவர்களாக இருந்திருக்க அவசியமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். புதுக்கவிதையின் வரலாற்றை வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கிய தலையணைகளைக் கொண்டு எழுத முடியுமா என்று யாராவது பார்க்க வேண்டும். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் மேச்சேரியில் வங்கிக் குமாஸ்தா. சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக மேட்டூருக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். மாசியில் பத்ரகாளியம்மன் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இலக்கிய வரைபடத்தில் இது இல்லை. ஆனால் மேட்டூரில் கூட்டம் என்றாலும் தர்மபுரியில் கூட்டம் என்றாலும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் வந்து சேர்வதற்கு இது தோதான இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். நகைக் கடன் பெட்டகத்துக்கும் தராசுக்கும் நடுவே பகலைக் கழித்துவிட்டு வருகிற எனக்கு அவர்கள் பேச்சு வேண்டியிருக்கிறது. ஆகவே படுக்கையைப் பற்றி யோசிக்க வேண்டியவனாகிறேன்.

ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது மேச்சேரி ஆடு. 1978 முதல் பொட்டனேரியில் அதற்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. செம்பழுப்பு நிறம், குட்டை ரோமம். அதன் தோலுக்குத் தோல் பதனிடுகிறவர்களிடம் பெரிய மதிப்பு. ஆனால் கம்பளி ஒரு இழை கிடைக்காது. இந்த வெயிலுக்கு அது கம்பளி வளர்த்தால்தான் ஆச்சரியம். ஆக, விருந்தாளிக்குப் போர்த்தக் கொடுப்பதில் ஊரின் பங்கு பூஜ்யம். விரிக்கிற சாமான்கள் எல்லாம் ஆற்றோடு வருகின்றன. மேட்டூரைத் தாண்டிக் காவிரிக் கரையோடு கீழே இறங்கினால் பவானி. ஜமக்காளம் அங்கிருந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீமைத் துணி வந்து குவிந்தபோது, மெல்லிய துணியில் மில்லோடு போட்டி போட முடியாது என்று கண்ட ஜங்கமர்கள் முரட்டு நூலில் பட்டை பட்டையாகச் சாயமேற்றி நெய்ய ஆரம்பித்தது அது. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் நெய்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கட்டுரை. இன்னும் கீழே போனால் கோரை. நாமக்கல், கரூர்ப் பக்கத்து ஆற்றுப் படுகைகளில் விளைந்து பாயாகி வருகிறது.

கோரைப் பாயின் அருமை அதன் ஓட்டத்தில் இருக்கிறது. கோரைத் தண்டு பாயின் அகலவாக்கில் கிடக்கும். நீளவாக்கில் ஓடுவது நூல்தான். அதனால் பாய் நீளவாக்கில் சுருளும், அகலவாக்கில் மடங்க மறுக்கும். தண்டுக்குள் காற்று. சிமெண்ட் தரையின் குளிர் உடனே ஏறி வராததற்கும், வெயில் காலத்தில் முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்ளாததற்கும் அந்தக் காற்றுதான் காரணம். கடைத்தெருவில் தொங்குகிற பிளாஸ்டிக் பாயைக் கழுவலாம், எலி கடிக்காது, கிளிப்பச்சையில் மயில்கூட இருக்கும். அதில் ஒரு ராத்திரி படுத்தவருக்கு மயிலின் வடிவம் முதுகில் விழுந்திருக்கும். அதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

குளிரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. மார்கழியில் விருந்தாளி நடுங்குகிறார் என்றால் மேலே இன்னொரு போர்வையைப் போடுகிறார்கள். குளிர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. உடம்பின் பாரத்தில் அடியிலுள்ள துணி நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடுகிறது. சூடு தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்று போர்வை இருந்தால் ஒன்றை மேலேயும் இரண்டைக் கீழேயும் போடுவதுதான் சரி. சித்திரையில் பிரச்னை தலைகீழ். பகலெல்லாம் 40 டிகிரி வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, நாம் விளக்கை அணைத்த பிறகுதான் அதைக் கக்க ஆரம்பிக்கும். அப்போது கூரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கட்டிலைவிடத் தரை மேல். சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் கொட்டுவது எந்த மெத்தையையும்விட அதிகம் செய்யும்.

போன தை மாதம் வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிஞர். அறுபதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், இதைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும், மீதிப் பேருக்குச் சொன்னாலும் தெரியாது. அவருடைய மூன்றாவது தொகுதியைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டு இதே பக்கங்களில் நான் எழுதியிருந்தேன். அந்தத் தொகுதி முழுக்க உறக்கமின்மை. நள்ளிரவு, கடிகாரம், சுவர், கூரை, மறுபடி கடிகாரம். எழுதியது இதுதான்: இந்த விழிப்பு இரவல் விழிப்பு, ஐரோப்பியக் கவிதையின் மொழிபெயர்ப்புகளிலிருந்து இறக்குமதியானது, இந்தக் கவிதைகளில் விழித்திருக்கிற ஆளுக்கு உடம்பு இல்லை, பாய் இல்லை, கொசு இல்லை, பக்கத்தில் படுத்திருக்கிறவரின் மூச்சு இல்லை. அவர் பதில் எழுதவில்லை. அவருடைய சிநேகிதர்கள் இருவர் எழுதினார்கள், எனக்கு ஆங்கில இலக்கிய பி.ஏ. கொடுத்த பல்கலைக்கழகத்தையும் சேர்த்து.

மேட்டூரில் அவருக்கு இரண்டு நாள் வேலை. மேச்சேரியில் தங்கலாமா என்று போனில் கேட்டார். விமர்சனத்தைப் பற்றிப் பேச்சில்லை. "உங்களுக்கு சிரமமில்லேன்னா" என்றார். "வாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது.

முதல் நாள் ராத்திரி பத்தரைக்கு வந்தார். தரையில் படுப்பதுதான் பழக்கம், முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டரும் கட்டாந்தரைதான் சொல்லியிருக்கிறார் என்று பிடிவாதமாகச் சொன்னார். பாய், அதன் மேல் ஜமக்காளம், அதன் மேல் என் எட்டு முழ வேட்டி. ஜமக்காளத்தின் முரட்டு நூல் தோலில் படக் கூடாது என்பதற்காக வேட்டி. வேட்டியின் இரு தலைப்பையும் பாய்க்கு அடியில் கொடுத்துவிட்டால் புரண்டாலும் சுருளாது. தலையணை உயரமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டுத் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். கொசுவலையின் இரண்டு முனைகள் ஜன்னல் கம்பியில், ஒன்று காலண்டர் ஆணியில், ஒன்று புத்தக அலமாரியில். செம்பில் தண்ணீர். கழிவறை ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று காட்டினேன். விருந்தாளியின் தூக்கத்தைக் கெடுப்பது பாதி நேரம் படுக்கை அல்ல, இருட்டில் எந்தக் கதவு எது என்று தெரியாததுதான்; கேட்டு எழுப்பவும் மனம் வராது, அடக்கிக்கொண்டு விடியும்வரை கிடப்பார்கள்.

எங்கள் அறைக்கும் அவர் படுத்த இடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். பன்னிரண்டுக்கு அவர் புரண்டார். பன்னிரண்டே காலுக்குப் புரண்டார். ஒரு மணிக்கு எழுந்திருக்க முயன்றார். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, முழங்கையை ஊன்றி, பிறகு முட்டி, பிறகு சுவரைப் பிடித்து, நடுநடுவே வாயை மூடிக்கொண்டு விடுகிற மூச்சு. போய்விட்டு வந்து படுக்க அதே வரிசை தலைகீழாக. இரண்டரைக்கு உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து, கொசுவலைக்குள், கையில் ஒன்றும் இல்லாமல். நாலு மணிக்கும் அப்படியே இருந்தார். ஒரு வரி எழுதவில்லை, எதையும் படிக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. விழித்திருப்பது என்பது எவ்வளவு உள்ளடக்கமற்ற காரியம் என்று அன்று பார்த்தேன். நானும் விழித்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாது.

என் கட்டுரையை இந்த இடத்தில் வாபஸ் வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருப்பார்கள். அவரது உறக்கமின்மை நிஜம் என்று எனக்கு நிரூபணம் கிடைத்துவிட்டதல்லவா? கிடைத்தது. ஆனால் கவிதைகள் அப்படியே இருக்கின்றன. அவர் முழங்கையை ஊன்றி எழுந்த விதம் அந்தத் தொகுதியின் 70 பக்கங்களில் எங்கும் இல்லை. கவிஞனுக்கு நேர்ந்தது கவிதைக்கு நேர்ந்தால்தான் கணக்கு. வெளியே எத்தனை சாட்சி இருந்தாலும் உள்ளே இல்லாதது இல்லாததுதான். விடியற்காலையில் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது அதில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அது சரியாக இருந்தது எனக்கு அந்த நேரத்தில் ஒரு உதவியும் செய்யவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் தகடூர், இன்றைய தர்மபுரி. அதை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் மோசிகீரனார் தூங்கிய கதையை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். புறநானூற்றின் 50ஆவது பாட்டு. முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். வெறுமனே கிடந்த முரசு கட்டிலில் அது இன்னதென்று தெரியாமல் ஏறிப் படுத்துவிடுகிறார். அது வெட்டுப்படத் தக்க குற்றம். அரசனோ வெட்டாமல் விசிறி எடுத்து வீசுகிறான். தமிழின் மேல் சேரனுக்கு இருந்த காதல் என்று பொழிப்புரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். மேடைகளிலும் அந்த விசிறி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இந்தப் பாட்டு வேறு விதமாகப் படிக்கக் கிடைக்கிறது. கீரனார் முரசைப் பற்றிச் சொல்லிவிட்டு, வாளுக்கு வருமுன் படுக்கையில் நின்றுவிடுகிறார். பூப் பரப்பிய அந்த மெத்தெனலை எண்ணெயின் நுரையோடு ஒப்பிடுகிறார். களைத்து வந்தவனுக்கு உடம்பில் பட்ட முதல் சங்கதி அது. முரசின் கருமையும் மயில் பீலியும் எல்லோரும் பார்க்கக்கூடியது. நுரை படுத்தவனுக்கு மட்டுமே தெரிவது. அந்த உவமை இல்லாவிட்டால் பாட்டு வெறும் நன்றி. இன்னொன்று: தூங்குகிறவனுக்குத் தன் தூக்கம் தெரியாது. விசிறி வீசப்பட்டதை அவர் எழுந்த பிறகுதான் அறிந்திருக்க முடியும். ஆக, பாட்டில் அவர் தூங்கிய நேரம் காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் விழித்திருந்தவன் இன்னொருவன். அவன் பாட்டு எழுதவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நெடுநல்வாடை. நாற்பது வயது யானையின் தந்தத்தில் கடைந்த கட்டில், அன்னத்தின் தூவியில் மெத்தை. நக்கீரர் அதைத் தச்சனின் பொறுமையோடு வர்ணிக்கிறார். அவ்வளவு விஸ்தாரமான படுக்கையில் அரசிக்குத் தூக்கம் இல்லை. அரசனும் பாசறையில் தூங்காமல் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு திரிகிறான். இருவருடைய விழிப்புக்கும் காரணம் கட்டிலுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் நக்கீரர் கட்டிலைச் சொல்லாமல் விடவில்லை. நம் கவிஞர் விட்டுவிட்டார் என்பதுதான் என் புகார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் மேட்டூருக்குக் கிளம்பிப் போன பின், வீட்டுக்காரக் கிழவியிடம் மடக்குக் கட்டில் கேட்டேன். அவர் புருஷன் கடைசிக் காலத்தில் படுத்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், நைலான் பட்டை. இரண்டரை அடி அகலம், ஆறடி நீளம். பட்டை தொய்ந்துபோய் நடுவில் கால் மடங்கும் இடத்துக் குறுக்குக் குழாய் மட்டும் முதலை முதுகு மாதிரி எழும்பி நின்றது. படுத்தால் சரியாக இடுப்புக்கு அடியில் வரும். என் மனைவி அந்தக் குழாயின் மேல் ஒரு ரஜாயை மடித்து வைக்கப் போனாள். கிழவி தடுத்தார். ஜலகண்டாபுரத்தில் தறிக்கார வீட்டில் பிறந்தவர். எதையும் பாவாகப் பார்க்கிற கண்.

"ஏங் கண்ணு, மேட்டு மேலயே துணியப் போட்டா மேடு இன்னுந்தான ஒசரும்? ரெண்டு பக்கமும் பள்ளமா கெடக்குதில்ல, அதுல போடு."

எங்களிடம் இருந்தது இரண்டு ஜமக்காளம், அவரிடம் மூன்று. கட்டிலுக்கு முன்னால் நின்று மூன்று பேரும் அரை மணி நேரம் வேலை செய்தோம். தலைப்பக்கத்துப் பள்ளம் ஆழம் அதிகம். உடம்பின் பாரம் மார்பிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. அங்கே அதிக மடிப்பு. கால்பக்கம் குறைவு. மடிப்பின் விளிம்பு குழாயைத் தொட வேண்டும், ஏறக் கூடாது. கையால் தடவிப் பார்த்தால் குழாய் எங்கே என்று தெரியக் கூடாது என்றார் கிழவி. தெரியாமல் போகும்வரை பிரித்தோம், மடித்தோம். அதன் மேல் கோரைப் பாய் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று. பாயின் அகலம் மூன்று அடி. கோரைத் தண்டுகள் இரண்டு பக்கச் சட்டக் குழாய்களிலும் தாங்கி நிற்கின்றன, நடுவில் தூளி போல இறங்காது. பாய் சுருண்டு கிடந்த வாட்டத்தில் விரித்தால் ஓரம் எழும்பும். அதனால் கவிழ்த்துப் போட வேண்டும். பாய்க்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை.

இந்த மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. இலவம்பஞ்சு இழை உள்ளே கூடு. மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும். உலக யுத்தங்களில் கப்பற்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். பருத்திப் பஞ்சு கட்டி தட்டிப் போனால் வில் போட்டு அடித்து மீட்கலாம். இலவம்பஞ்சை அடித்தால் இழை ஒடிந்து தூளாகும். அதை வெயிலில் போட வேண்டும், அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க மாடியில் கிடந்து, மூன்று மணிக்குத் திருப்பிப் போடப்பட்டு, சாயங்காலம் ஒரு விரல் உப்பியிருந்தது. பரணில் கிடந்த நாப்தலின் வாடையும் போயிருந்தது. ஒரு அந்நியரின் வீட்டுத் தலையணையில் அந்த வாடை வந்தால் யாருக்குமே தான் எதிர்பார்க்கப்படாதவன் என்று தோன்றிவிடும். தலையணையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பஞ்சை எடுத்துவிட்டுக் கிழவி வாயைத் தைத்துக் கொடுத்தார். பக்கவாட்டில் படுக்கிறவர்களுக்குத் தோளின் அகலம் அளவுக்குத் தலையணை வேண்டும். மல்லாந்து படுக்கிற இவருக்கு அது கழுத்தை முன்னால் தள்ளும். எடுத்த பஞ்சை ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைக்க ஒரு உருளை செய்தோம். மல்லாந்து படுக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தால் இடுப்பு இறுக்கம் விடும். இது கிழவிக்குத் தெரிந்தது புருஷனுக்குச் செய்து பார்த்ததில்.

அவர் வந்து பார்த்தார். "எதுக்கு தம்பி இவ்வளவும்" என்றார். டாக்டர் சொன்ன கட்டாந்தரையை ஞாபகப்படுத்தினார். தரையின் கெட்டித்தனம் இதிலும் இருக்கிறது, எழுந்திருக்கிற உயரமும் இருக்கிறது என்று சொன்னேன். வங்கியில் வைப்பு நிதித் திட்டத்தை விளக்குகிற குரலில்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து பார்த்தார். கையால் இடுப்புப் பக்கம் தடவினார். குழாயைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம். பத்தே காலுக்கு ஒரு முறை புரண்டார். கட்டில் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அவர் குறட்டை தொடங்கியது. நெடிய சீர்கள், நடுவில் ஒரு தளை தட்டல், மறுபடி சீர். அவருடைய கவிதைகளில் எனக்கு இதுவரை கேட்காத லயம் என்று எழுதினால் சிநேகிதர்கள் இன்னொரு கடிதம் போடுவார்கள். என் மனைவி, "தூங்குங்க, அவரு தூங்கிட்டாரு" என்றாள். எனக்குத் தூக்கம் வர இரண்டு மணியாயிற்று.

காலை ஏழு மணிக்கும் அவர் எழவில்லை. மேட்டூர் பஸ் போயிற்று. நான் வங்கிக்குக் கிளம்பும்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சந்தை, ஆடு விற்ற பணத்தோடு கவுண்டரில் கூட்டம் நெருக்கும், நிற்க நேரமில்லை. "சாவியைப் பாட்டிகிட்ட கொடுத்துடுங்க சார்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த இலக்கிய சம்வாதம். சாயங்காலம் வந்தபோது ஜமக்காளங்கள் மடித்து அடுக்கியிருந்தன, கிழவியின் மூன்று தனியாக, எங்கள் இரண்டு தனியாக. எது யாருடையது என்று கேட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து மத்தியானம் ஒரு போன். அவருடைய மனைவி. இதுவரை நான் பேசியதில்லை.

"தம்பி, அங்க வந்தப்ப அவரு ஒரு கட்டில்ல படுத்தாராமே. அது எப்படிப் போட்டீங்கன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியல. ஏதோ பள்ளத்துல போட்டாங்கன்றாரு."

சொல்ல ஆரம்பித்தேன். அவர் இடையில் நிறுத்தினார்.

"அந்தப் புஸ்தகத்தப் பத்தி நீங்க எழுதினதையும் படிச்சேன். அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீங்க அளவச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"உங்க கட்டில் எவ்வளவு அகலம்மா?"

"ரெண்டே முக்கால்."

"அப்ப பாய் மூணடியே போதும். எங்களுக்கு இடுப்புக்கு மேல நாலு மடிப்பு வந்தது, கீழ ரெண்டு. உங்க பட்டை எவ்வளவு தொய்ஞ்சிருக்குன்னு பாத்துக்குங்க. நடுக் குழா மேல எதுவும் போட வேணாம்."

"நாலு, ரெண்டு" என்று எழுதிக்கொண்டார்.